“நீங்களாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்”

ரொறன்ரோவில் வங்கியோ மருத்துவமனையோ நகரசபையோ, எந்த வேலைக்குப் போனாலும் நேர்முகத்தில் இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவில் வந்துவிடும்: “என்ன செய்வதென்று தெளிவில்லாத நேரத்தில், ஒருவரும் சொல்லாமல் நீங்களாக முன்வந்து செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.”

எங்களிடம் பதில் இல்லாமல் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் மரநிழலில் வகுப்பெடுத்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் மேசைக்கு முன்னால் இருந்ததும் வாய் அடைத்துப் போகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மிச்சத்தை விழுங்கு என்று சோதனைச் சாவடிகளில் பழகியவர்கள் நாங்கள். அங்கே உயிரைக் காத்த பழக்கம் இங்கே வேலையைக் கெடுக்கிறது.

இன்னொரு சிக்கல் ‘நாங்கள்’ என்ற சொல். “எல்லாருமாகச் சேர்ந்து செய்தோம்” என்பது எங்கள் அடக்கம். கேட்பவருக்கோ நீங்கள் செய்தது எது என்று தெரியாமல் போகிறது. (இந்தக் கட்டுரையிலும் ‘நாங்கள்’தான்; பழக்கம் விடுகிறதா?)

வேலை தேடுவோருக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் ‘ஸ்ரார்’ முறையில் நான்கு படிகள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. நிலைமையை இரண்டு வசனத்தில் முடியுங்கள். எங்களவர்கள் அங்கேதான் பத்து நிமிடம் நிற்பார்கள். நிற்கவேண்டிய இடம் மூன்றாவது: உங்களுக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை, ஏன் காத்திருக்கவில்லை, யாருக்கு அறிவித்தீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை என்று வைப்போம். “ஐம்பது பெட்டிகளில் பன்னிரண்டின் முகவரி பட்டியலோடு பொருந்தவில்லை. பிழை எதில் என்று எனக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. பன்னிரண்டையும் புறம்பாக வைத்தேன். மற்றவற்றை ஏற்றவிட்டேன். இலக்கங்களை எழுதி அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். என் கணிப்புப் பிழைத்திருந்தாலும் பன்னிரண்டு பெட்டிகள்தான் ஒருநாள் பிந்தியிருக்கும்.” அந்தக் கடைசி வசனம்தான் நல்ல பதிலின் அடையாளம். தெளிவில்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தவரை யாரும் தேடுவதில்லை. பிழைத்தால் திருத்தக்கூடிய அளவில் அடியெடுத்து வைத்தவரையே தேடுகிறார்கள்.

ஊர் அனுபவத்தைச் சொல்லலாமா? தாராளமாக. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்கள் பகிரங்க வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்க முடியாது. ஆனால் குரல் தழுதழுக்காமல் சொல்லக்கூடியதைத் தெரிவுசெய்யுங்கள். மரநிழல் வகுப்பைச் சொல்லலாம். அங்கே போய்ச் சேர்ந்த வழியில் நடந்ததை அந்நியருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

வீட்டில் பிள்ளையை எதிரே இருத்திக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். அந்த வகுப்பைப் பற்றிப் பிள்ளை கேள்விப்படுவது அன்றுதான் முதல் தடவையாக இருக்கலாம். “பிறகு என்ன நடந்தது, அம்மா?” என்று கேட்டால், நேர்முகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொல்லி முடியுங்கள்.