கூரைமேல் வெண்பனி

மழைநீரை வடித்துவிடுவதும் வெயிலை மறைப்பதுமே கூரையின் தொழில் என்பது வெப்பநாட்டு மக்களின் எண்ணம். மழை எவ்வளவு பெரிதாகப் பெய்தாலும் நீர் ஓட்டின்மேல் நில்லாது. வந்த வேகத்திலேயே இறவாரத்தால் வழிந்து முற்றத்துக்கு இறங்கிவிடும். வெண்பனி பொழியும் நாடுகளிலோ நிலைமை வேறு. பனி என்றவுடன் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியே நேயர்களின் நினைவுக்கு வரும். அத்துளி கதிரவனைக் கண்டவுடன் மறைவது. வெண்பனியோ விழுந்த இடத்திலேயே தங்குவது. நேற்று விழுந்ததன்மேல் இன்று விழும். இன்று விழுந்ததன்மேல் நாளை விழும். பஞ்சுபோல மெல்ல இறங்கும் அப்பனி நாட்கணக்கிற் படிந்து இறுகும்போது, ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறையுடையதாகிவிடும். நூறு சதுர மீற்றர் பரப்புள்ள கூரையின்மேல் அது ஒரு மீற்றர் உயரத்துக்கு நிற்குமாயின், அவ்வீடு 30 தொன் பாரத்தைத் தலையிற் சுமக்கின்றது என்பது பொருள்.

அப்பாரம் அசையாது நின்றால் உத்திரத்துக்கு ஆபத்து. திடீரென வழுக்கி விழுந்தாற் கீழே நிற்போருக்கு ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே மனிதர் எவ்வாறு வாழக் கற்றுக்கொண்டனர் என்பதற்கு யப்பானின் பனிநாட்டு வரலாறு தெளிவானதொரு சான்றாகும்.

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்சூவின் மேற்குக் கரையிலே நீகாட்டா மாகாணம் உள்ளது. எச்சிகோ என்பது அதன் பழைய பெயர். அது துருவத்தை அடுத்த பிரதேசமன்று. அங்குள்ள தகாடா என்னும் நகர், கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரினும் சற்றுத் தெற்கே அமைந்தது. எனினும் உலகிலேயே மிகுதியாக வெண்பனி பெறும் குடியிருப்புகள் சில அப்பகுதியில் உள்ளன. காரணம் யாதெனில், குளிர்காலத்திற் சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட காற்று, யப்பான் கடலைக் கடக்கையில் அங்கு ஓடும் வெதுவெதுப்பான நீரோட்டத்தின்மேற் சென்று ஈரத்தை நிறைய ஏந்திக்கொள்கிறது. கரையை அடுத்து நிற்கும் மலைத்தொடர் அக்காற்றை மேலெழச் செய்ய, ஏந்திவந்த ஈரமெல்லாம் வெண்பனியாகப் பொழிந்துவிடுகிறது. மலைக்கு அப்பால் தோக்கியோவில் நீலவானமும் வெயிலும் விளங்கும் அதே நாளில், இப்பால் எச்சிகோவின் வீதிகள் புதையுண்டு கிடக்கும். தகாடா நகரில் 1945 பெப்ருவரி 26ஆம் நாள் அளக்கப்பட்ட பனியின் உயரம் 377 சென்ரிமீற்றர். ஓர் ஆளின்மேல் இன்னோர் ஆள் நின்றாலும் அப்பனிக்கு வெளியே தலை தெரியாது.

எச்சிகோவின் பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் மரச்சீவல்களை அடுக்கி, அவை காற்றிற் பறவாதவாறு மேலே கற்களைப் பாரமாக வைத்துக் கூரை வேய்ந்தனர். கல் உருளாமல் நிற்கவேண்டுமாயின் கூரை சாய்வு குறைந்ததாக இருத்தல் வேண்டும். சாய்வு குறைந்த கூரையிற் பனி தானாக வழுக்காது. ஆகவே அதனை மனிதரே ஏறி அகற்ற வேண்டியதாயிற்று. இவ்வாழ்க்கையை உலகறியச் செய்தவர் சுசுக்கி பொக்குசி என்பவர். 1770இற் பிறந்து 1842இல் மறைந்த அவர், சியோசாவா என்னும் ஊரில் துணி வணிகம் செய்தவர். எடோ நகரத்துச் செல்வர் வெண்பனியை அழகுக் காட்சியாகக் கண்டு களித்தமையையும், தம் நாட்டாருக்கு அதுவே துன்பமாக இருந்தமையையும் ஒப்பிட்டு, 'ஹொக்குஎட்சு செப்பு' என்னும் நூலை எழுதினார். அதனை அச்சேற்ற அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முயன்றார். நூலின் முதற்பகுதி 1837இல் வெளிவந்தது.

கூரைப்பனியை அகற்றுவதை அவ்வூரார் 'பெருக்குதல்' என்றோ 'தள்ளுதல்' என்றோ கூறவில்லை. மண்ணைத் தோண்டுவதுபோல உழைக்கவேண்டியிருந்தமையால் 'பனி தோண்டுதல்' என்றே கூறினர் என்பது அந்நூலால் அறியப்படும் செய்தி. அதற்கென வழங்கிய கருவி இரும்பாலானதன்று. பீச்சு மரத்திற் செதுக்கிய அகன்ற மரமண்வெட்டி. அது எளிதில் ஒடியாதது. நாள் முழுதும் தூக்கி எறியக்கூடிய அளவுக்கு இலேசானது. கூரையைக் காப்பதற்குக் கைக்கொண்ட முதல் வழி இதுவே: பாரம் கூடுமுன் மனிதக் கை மேலேறி அதனைக் குறைத்துவிடுதல்.

அகற்றிய பனியை எங்கே போடுவது என்பது அடுத்த வினா. தனித்து நிற்கும் வீட்டுக்கு நாற்புறமும் நிலமுண்டு. நெருங்கி நிற்கும் நகரத்து வீடுகளுக்கு வீதியையன்றி வேறிடமில்லை. தகாடா, 1614இல் அங்கே கோட்டை கட்டப்பட்டதையொட்டி வளர்ந்த நகர். அதன் மக்கள் கூரைப்பனியை வீதியிலே கொட்டினர். வீதி இறவாரத்துக்கும் மேலாக உயர்ந்துவிடும். அப்போது போக்குவரத்து எங்ஙனம் நடைபெற்றது? ஒவ்வொரு வீட்டாரும் தம் முன்புறக் கூரையை நீட்டித் தூண் நிறுத்தி, அதன்கீழ் ஒரு நடைபாதையை விட்டனர். ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு இணைய, தெரு நெடுகிலும் மூடிய பாதையொன்று உண்டாயிற்று. இதற்குக் கங்கி என்பது பெயர். மேலே பனி மலைபோற் குவிந்திருக்க, கீழே மக்கள் பள்ளிக்கும் கடைக்கும் கால் நனையாமற் சென்றனர். எதிர்வரிசைக்குச் செல்லப் பனிக்குள்ளே சுரங்கம் குடைந்தனர். இவ்விடத்தின்கீழ்த் தகாடா உள்ளது என எழுதிய பலகையொன்றைப் பனிமேட்டின்மேல் நட்டுவைத்தனர் என ஒரு கதையும் வழங்குகிறது. இன்றும் அந்நகரில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்துக்குக் கங்கிகள் நிற்கின்றன. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கங்கி நிற்கும் நிலம் அரசினருடையதன்று. அவ்வவ் வீட்டாரின் சொந்த நிலம். என் கூரையிலிருந்து விழும் பனி பிறர் வழியை அடைக்குமாயின், அவ்வழியைத் தருவதும் என் கடனே என ஒவ்வொரு வீட்டாரும் ஏற்றுக்கொண்ட ஒழுக்கத்தின் உருவமே அது.

பனியைக் கையால் அகற்றுவது ஒரு வழியாயின், அது கூரையில் நிலைகொள்ளாதவாறு செய்வது மற்றொரு வழி. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, மலைகளுக்கிடையே அமைந்த சிராக்காவா என்னும் பள்ளத்தாக்கின் வீடுகளாம். அவற்றின் புற்கூரை ஏறத்தாழ 60 பாகை சாய்வில், இரு கைகளைக் கூப்பினாற்போல உயர்ந்து நிற்கிறது. அதனாலேயே அவ்வமைப்புக்குக் 'கூப்பிய கை' எனப் பொருள்படும் கஷ்ஷோ என்னும் பெயர் ஏற்பட்டது. கூரையின் மரங்கள் ஆணியின்றிக் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் பிணைக்கப்பட்டன. பாரம் ஏறும்போது அக்கட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஒகிமாச்சி என்னும் ஊரிற் கூரையின் இரு சரிவுகளும் கிழக்கும் மேற்கும் நோக்குமாறு வீடுகள் வரிசையாக அமைந்துள்ளன. இருபுறமும் வெயில் படுவதால் ஒரு பக்கப் பனி மாத்திரம் தங்கிவிடுவதில்லை. வீட்டினுள்ளே எரியும் அடுப்பின் புகை மேலேறிப் புல்லையும் கயிற்றையும் பூச்சியரிக்காமற் காக்கிறது.

எனினும் அக்கூரையும் தன்னைத்தானே காத்துக்கொள்வதன்று. பெரும்பனிக் காலத்தில் அதன்மேலும் ஏறிப் பனியை இறக்கவேண்டியதுண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கொருமுறை புல்லை மாற்றி வேயவும் வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கு கூடினாலன்றி அவ்வேலை ஓரிரு நாளில் முடியாது. இவ்வாறு ஊரார் கூலியின்றி மாறிமாறி உதவும் முறைக்கு யூயி என்பது பெயர். எவர் எத்தனை கட்டுப் புல் தந்தார், எவர் வேலைக்கு வந்தார் என ஒவ்வொரு வீட்டாரும் ஏட்டிற் பதிந்துவைத்தனர். அவர்தம் முறை வரும்போது அக்கடனைத் திருப்பிச் செலுத்தினர். 1961இல் முற்றுப்பெற்ற மிபோரோ அணையின் நீர், அப்பள்ளத்தாக்கின் சில ஊர்களை மூழ்கடித்தது. எஞ்சியவற்றையேனும் காக்க எண்ணிய ஒகிமாச்சி மக்கள், 1971இல் ஒரு சங்கம் அமைத்து, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என உறுதி பூண்டனர். 1995இல் அவ்வூர் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

புல்லும் மரச்சீவலும் பெரும்பாலான ஊர்களிலிருந்து மறைந்து, தகடும் ஓடும் வந்தபோது புதியதொரு சிக்கல் தோன்றிற்று. தகடு வழுவழுப்பானது. வீட்டினுள்ளிருந்து எழும் வெப்பத்தாற் பனியின் அடிப்பகுதி உருகி, நீர்ப்படலம் ஒன்று தகட்டின்மேற் பரவுகிறது. அந்நீரே எண்ணெய்போல உதவ, கூரை முழுவதிலும் கிடந்த பனி யாதொரு முன்னறிவிப்புமின்றி ஒரே கணத்தில் வழுக்கி விழுகிறது. கீழே நின்றவர் அதற்குள் புதையுண்டு இறந்ததும் உண்டு. வழுக்காத பனியும் தீங்கு செய்யாது விடுவதில்லை. உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து, பனிக்கட்டியாலான வரம்பொன்றைக் கட்டுகிறது. பின்வரும் நீர் அவ்வரம்பினால் தேங்கி, ஓட்டின் இடுக்கு வழியாக மேல்நோக்கிப் புகுந்து சுவரை நனைக்கிறது. தொங்கும் கட்டியின் பாரம் இறவாரத்தை முறிக்கிறது.

இதற்குக் கண்ட பரிகாரங்களுள் ஒன்று பனித்தடுப்பு. கூரையின்மேல் வரிசையாகச் சிறு இரும்புக் கொளுக்கிகளையோ நீண்ட சட்டங்களையோ பொருத்துவர். ஓட்டிலேயே சிறு திமில் வைத்துச் செய்வதும் உண்டு. அதன் நோக்கம் பனியைத் துண்டு துண்டாகப் பிடித்து, சிறிது சிறிதாக உருகச் செய்தல். இறவாரத்தில் மாத்திரம் ஒரு வரிசை வைத்தால், மேலேயுள்ள பனி முழுவதும் அதன்மேற் சாய்ந்து அதனைப் பெயர்த்துக்கொண்டு விழும். ஆதலின் கூரையின் பரப்பெங்கும் பகிர்ந்து வைத்தல் வேண்டும். மேலும், தடுத்து நிறுத்திய பனியின் நிறையை உத்திரமும் தூணும் தாங்கவேண்டும். பலமில்லாத வீட்டிற் பனித்தடுப்பு வைப்பது ஆபத்தைக் கீழிருந்து மேலே மாற்றுவதன்றி வேறில்லை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே குளிர்காற்று உலவ விட்டால், வீட்டு வெப்பம் பனியைத் தொடாது. பனிக்கட்டி வரம்பும் உண்டாகாது. வடக்கேயுள்ள சப்போரோ நகரிலே பனி உலர்ந்தது, இலேசானது. அங்கே கூரையை வெளிநோக்கிச் சாய்க்காமல் உள்நோக்கிச் சற்றே தாழ்த்தி, நடுவே வடிகால் வைத்து, அதன் குழாயை உறையாதவாறு வீட்டினுள்ளே இறக்கினர். பனி மேலேயே தங்குவதால், அயல்வீட்டு நிலத்தில் விழுவதில்லை.

சட்டமும் இவ்வனுபவத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. யப்பானில் 1950இற் கட்டட நியமச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் உள்ள விதிகளின்படி, 60 பாகைக்கு மேற் சாய்ந்த கூரைக்குப் பனிப்பாரம் இல்லையென்றே கணக்கிடலாம். சிராக்காவாவின் தச்சர் ஏட்டுக் கணக்கின்றிக் கண்ட அளவுக்கு அது மிக அண்மையது. அவ்விதிகளில் இன்னொன்றும் உண்டு. பனியை இறக்கும் வழக்கமுள்ள ஊர்களில், ஒரு மீற்றருக்கு மேற் பனி பெய்யக்கூடுமாயினும், ஒரு மீற்றர்ப் பாரத்துக்கு மாத்திரம் வீட்டைக் கட்ட இடமளிக்கப்படுகிறது. அவ்வாறு கட்டிய வீட்டின் வாயிலிலோ கண்ணிற் படக்கூடிய வேறிடத்திலோ அதனை அறிவித்தல் வேண்டும். இதன் பொருள் யாது? வீட்டின் பலத்தைக் கணக்கிடும்போது மனிதக் கையும் ஒரு தூணாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

அந்தத் தூணே இன்று தளர்ந்துவருகிறது. பனிநாட்டின் இளைஞர் தொழில் தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கூரையின் கீழ் முதியோரே எஞ்சினர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்திற் பெரும்பனி பொழிந்து 152 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பனிச்சரிவில் அகப்பட்டவரல்லர். கூரையிலும் வீட்டைச் சுற்றியும் பனி அகற்றும்போது விழுந்தோ புதையுண்டோ இறந்தவர்கள். மூவரில் இருவர் 65 வயதைக் கடந்தவர். தனியே ஏறாதீர், ஏணியைக் கட்டிவையுங்கள், இடுப்பிற் கயிறு பூட்டுங்கள் என அதிகாரிகள் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றனர். ஆனால் உடன் ஏற வேறெவரும் இல்லாத வீட்டில், விழுந்துகொண்டிருக்கும் பனியைப் பார்த்துக்கொண்டு ஒரு முதியவர் எத்தனை நாள் வாளாவிருத்தல் இயலும்?

ஆகவேதான் நீகாட்டா போன்ற மாகாணங்களில் தொண்டர்கள் பெயர் பதிந்து, மண்வெட்டியுடன் மலையூர்களுக்குச் செல்லும் ஏற்பாடு உண்டாயிற்று. ஏணி பிடிப்பவர் ஒருவர், கயிறு பற்றுபவர் ஒருவர், கீழே எவரும் வாராமற் காப்பவர் ஒருவர் எனக் கூடிநின்று அவர்கள் பனியை இறக்குகின்றனர். பொக்குசி காலத்து மரமண்வெட்டி மறைந்து இலேசான புதுக் கருவிகள் வந்துள்ளன. யூயி என்ற பெயரும் பல ஊர்களில் வழக்கொழிந்துவிட்டது. எனினும் கூரையின்மேற் பனி ஏறும்போது அயலவரும் கூட ஏறவேண்டும் என்னும் பழைய நியதி மாறவில்லை. தகடும் கொளுக்கியும் வடிகாலும் அந்நியதியின் சுமையை ஓரளவு குறைத்துள்ளன. அதனை இல்லாமற் செய்யவில்லை.