எச்சரிக்கை வந்தது, யார் கேட்டார்கள்? 1962 முதல் கார்கில் வரை

அக்டோபர் 20 வந்தால் சீனப் போர் தொடங்கிய நாள் நினைவுக்கு வரும். 1962இல் அன்று விடியற்காலையில் கிழக்கே நம்கா சூ ஆற்றங்கரையிலும் மேற்கே லடாக்கிலும் சீனப் படை ஒரே நேரத்தில் தாக்கியது. ஒரே மாதத்தில், நவம்பர் 21 அன்று, சீனாவே போர் நிறுத்தம் அறிவித்தது. அரசு பின்னர் வெளியிட்ட கணக்கின்படி நம் தரப்பில் இறந்தவர்கள் 1,383 பேர், காணாமல் போனவர்கள் 1,696 பேர், சிறைபட்டவர்கள் 3,968 பேர். தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்த காலம் அது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இன்றும் சொல்வார்கள்.

"சீனா முதுகில் குத்திவிட்டது" என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். யாரும் எதிர்பாராத தாக்குதல் என்பது அதன் பொருள். ஆனால் எச்சரிக்கைகள் பன்னிரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டே இருந்தன.

வந்த எச்சரிக்கைகள்

1950 அக்டோபரில் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. நவம்பர் 7 அன்று சர்தார் படேல் பிரதமர் நேருவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வடக்கு எல்லையிலும் இனி ஆபத்து உண்டு, படை, சாலை, உளவு எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே படேல் காலமானார். 1954இல் சீனாவுடன் பஞ்சசீல ஒப்பந்தம் கையெழுத்தானது.

1957இல் அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டு முடித்துவிட்டதாகச் சீனா அறிவித்தது. மறு ஆண்டு நாம் இரண்டு ரோந்துக் குழுக்களை அனுப்பிப் பார்த்தோம். ஒரு குழுவைச் சீனர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்துக்கு இந்த விவரம் 1959இல்தான் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 21 அன்று கோங்கா கணவாய் அருகே நம் காவலர்கள் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் காவலர் வீரவணக்க நாள் கடைப்பிடிப்பது இதனால்தான்.

கிழக்குப் படைத் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தோரட் 1960 மார்ச்சில் லக்னோவில் 'லால் கிலா' என்ற பெயரில் ஒரு போர்ப் பயிற்சி நடத்தினார். சீனர்கள் எப்படி வருவார்கள், நம் சாவடிகள் எந்த வேகத்தில் விழும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லைக் கோட்டிலேயே நின்று சண்டையிட முடியாது, சாலை வசதியுள்ள பின்வரிசையில்தான் தடுக்க முடியும் என்பது அவர் யோசனை. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் இதைத் தேவையற்ற பயமுறுத்தல் என்று ஒதுக்கிவிட்டதாகத் தோரட் பின்னாளில் எழுதினார்.

ஏன் காதில் ஏறவில்லை?

முதல் காரணம், தலைமை ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சீனா பெரிய அளவில் தாக்காது, தாக்கினால் அது உலகப் போராக மாறும் என்பதால் துணியாது என்று நேரு நம்பினார். அது முட்டாள்தனமான நம்பிக்கை என்று சொல்ல முடியாது. ஏழை நாட்டின் பணத்தைப் பீரங்கியில் போடாமல் அணையிலும் ஆலையிலும் போட நினைத்தவர் அவர். ஆனால் நம்பிக்கை கெட்டியான பிறகு, வருகிற ஒவ்வொரு செய்தியும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரிந்தது.

1961 நவம்பர் 2 அன்று பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்தில், சீனர்கள் உரிமை கோரும் பகுதிகளில் நாமும் சிறு சிறு சாவடிகள் அமைப்பது என்று முடிவானது. சீனர்கள் நம் சாவடிகள் மேல் பலத்தைப் பிரயோகிக்க மாட்டார்கள் என்பது உளவுத் துறைத் தலைவர் மல்லிக்கின் கணிப்பு. ராணுவத்தின் சொந்த உளவுப் பிரிவு 1960இலேயே நேர்மாறாகச் சொல்லியிருந்தது. சீனப் படை எங்கே இருக்கிறது, எங்கே சாலை போடுகிறது என்ற தகவல்களை மல்லிக்கின் ஆட்கள் திரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தகவல் சரியாக இருந்தது. அதிலிருந்து எடுத்த முடிவு மட்டும் தலைமையின் விருப்பத்தோடு ஒத்துப்போனது.

1962 ஜூலையில் கல்வான் பள்ளத்தாக்கில் நாம் வைத்த சாவடியைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது, ஆனால் சுடவில்லை. "பார்த்தீர்களா, சுட மாட்டார்கள்" என்று டெல்லி அதை எடுத்துக்கொண்டது. எதிரியின் மௌனமே சாதகமான சாட்சியாகிவிட்டது. அடுத்த மாதம் மேற்குப் படைத் தலைவர் தௌலத் சிங், சீனர்கள் மோதினால் லடாக்கில் நம்மிடம் பலம் போதாது என்று தலைமையகத்துக்கு எழுதினார். கொள்கை மாறவில்லை.

இரண்டாவது காரணம் ஆட்கள். படைத் தலைவர் திம்மையா 1959இல் மேனனோடு ஒத்துவராமல் ராஜினாமா கொடுத்து, நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். 1962 அக்டோபரில், போதிய ஆயத்தம் இல்லாமல் தாக்லா மேட்டைப் பிடிக்க முடியாது என்று சொன்ன உம்ராவ் சிங்கிடமிருந்து அந்தப் பகுதிப் பொறுப்பு பறிக்கப்பட்டது. அது ஜெனரல் கவுலுக்குப் போனது. அவர் தலைமைக்கு நெருக்கமானவர், போர்முனை அனுபவம் குறைந்தவர். முடியாது என்றவருக்கு இப்படி ஆகும் என்று தெரிந்த பிறகு அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்?

நம் ஊரில் இது புரியாதவர் இருக்க மாட்டார். சாயம் போட்ட லாட்டில் ஷேடு மாறிவிட்டது என்பது முதலில் பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும், பிறகு சூப்பர்வைசருக்கு, பிறகு மெர்ச்சண்டைசருக்கு. முதலாளிக்குக் கடைசியில், ஷிப்மென்ட் நாளில்தான் தெரியும். கெட்ட செய்தி கொண்டு வந்தவனைத் திட்டும் கம்பெனியில் எப்போதும் நல்ல செய்திதான் மேலே போகும்.

மூன்றாவது காரணத்தில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. ஓர் அங்குல நிலமும் விடக்கூடாது என்று நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் முழங்கின. பின்வரிசையில் நின்று தடுப்போம் என்று சொல்லும் இடம் பிரதமருக்கு இல்லாமல் போனது. அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்படும்போது, நம் பகுதியிலிருந்து சீனர்களை அகற்றப் படைக்கு உத்தரவிட்டிருப்பதாக நிருபர்களிடம் அவர் சொன்னார். எட்டாம் நாள் தாக்குதல் வந்தது. நம்கா சூவில் நின்ற நம் வீரர்களில் பலருக்குப் பனிக்கால உடை போய்ச் சேரவில்லை. 10,000 அடிக்கும் மேல், பருத்தி உடுப்பும் கான்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். துணியைத் தொட்டே ஜி.எஸ்.எம். சொல்லும் நமக்கு அந்தக் குளிரை விளக்க வேண்டியதில்லை.

இது நேருவுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுக்கப்போகிறது என்று டோக்கியோவிலிருந்த ஒற்றர் சோர்கே உட்படப் பலர் ஸ்டாலினுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவர் நம்பவில்லை. 1973இல் ஜோர்டான் மன்னர் ஹுசேன் நேரில் வந்து எச்சரித்த பிறகும், அரபு நாடுகள் இப்போது போருக்கு வராது என்ற கணிப்பை இஸ்ரேல் விடவில்லை. சர்வாதிகாரியும் சரி, தேர்ந்தெடுக்கப்பட்டவரும் சரி, ஒரே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

திருச்சிக்காரர் எழுதிய அறிக்கை

1999 மே மாதம் கார்கில் மலைகளில் அந்நிய ஆட்கள் நடமாடுவதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஓர் ஆடு மேய்ப்பவர். அந்தப் போரில் நாம் இழந்த 527 வீரர்களில் திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணனும் ஒருவர். மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்த அவரது உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

போர் முடிந்ததும் அரசு அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. அவர் குழு கண்டுபிடித்ததில் ஒன்று நம்மை யோசிக்க வைக்கும். 1998 ஜூனிலேயே உளவுத் துறைத் தலைவர், கார்கிலுக்கு எதிர்ப்புறம் நடமாட்டம் கூடியிருப்பதாகத் தம் கையெழுத்தோடு கடிதம் அனுப்பியிருந்தார். பிரதமர், உள்துறை அமைச்சர் வரை அது போனது. ஆனால் அதை மற்ற தகவல்களோடு சேர்த்து எடைபோட வேண்டிய ரா அமைப்பின் தலைவர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், ராணுவ உளவுத் தலைவர் மூவருக்கும் பிரதி அனுப்பப்படவில்லை. 1962இல் செய்தி காதில் விழுந்தும் ஏறவில்லை. 1999இல் விழ வேண்டிய காதில் விழவே இல்லை.

நடந்த பிறகு எந்த எச்சரிக்கை சரி என்று சொல்வது எளிது. அந்த நேரத்தில் பத்து எச்சரிக்கை வந்தால் பலவும் பொய்யாகத்தான் போகும். அதனால்தான் ஒரு தலைவரின் கூர்மையை மட்டும் நம்ப முடியாது. "இது தவறாக இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும், கேட்டதற்காக அவர் பதவி போகக்கூடாது. ஒற்றர்களை எப்படி ஆள்வது என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அரசனை இடித்துச் சொல்லும் பெரியவர்களைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்று இன்னோர் அதிகாரமும் எழுதியிருக்கிறார். 1962இல் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

சுப்ரமணியம் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. புத்தகமாகவும் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2002இல் பாதுகாப்பு உளவு முகமை உருவானது. 1962 தோல்வி பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963இல் கொடுத்த அறிக்கையை அரசு இதுவரை வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்தான் வெளியிட்டார். நாம் தோற்ற கதையை நாமே முழுதாகப் படிக்க முடியாத வரை, அடுத்த எச்சரிக்கையைச் சரியாகக் கேட்போம் என்று எப்படி நம்புவது?