முதியோர் நிமோனியா: சிகிச்சையின் வரலாறு

நிமோனியா (நுரையீரல் அழற்சி) முதியவர்களின் உயிரை அதிகம் பறித்த நோய்களுள் ஒன்று. கனடாவில் பிறந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், தம் மருத்துவப் பாடநூலின் 1892 பதிப்பில் இதை முதுமையின் பகை என்றார். 1898 பதிப்பில், நீண்ட துன்பமின்றி வாழ்வை முடித்து வைப்பதால் முதியோரின் நண்பன் என்றார். அன்றைய மருத்துவத்தின் கையறு நிலையையே இந்த மாற்றம் காட்டுகிறது. ஆஸ்லரும் 1919 டிசம்பரில், 70ஆம் வயதில், நிமோனியாவைத் தொடர்ந்த சிக்கல்களால் இறந்தார்.

நோய்க்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் பாக்டீரியா 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டராலும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்காலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைச் சீரம் மருந்தானது. ஆனால் நோயாளியைத் தாக்கிய பாக்டீரியாவின் வகையை முதலில் அறிந்தால்தான் அதற்குரிய சீரத்தைச் செலுத்த முடியும்.

1938இல் மே அண்ட் பேக்கர் நிறுவனத்தின் சல்ஃபாபிரிடின் மருந்து இந்நிலையை மாற்றியது. பர்மிங்காமில் நடந்த ஆய்வில், மருந்து பெறாத 100 பேரில் 27 பேரும் பெற்ற 100 பேரில் 8 பேரும் இறந்தனர். 1943 டிசம்பரில், 69 வயது வின்ஸ்டன் சர்ச்சில் துனீசியாவின் கார்த்தேஜில் நிமோனியாவுக்கு ஆளானபோது இம்மருந்தே தரப்பட்டது. பெனிசிலின் அவரைக் காப்பாற்றியது என்று வழங்கும் கதை தவறானது.

பெனிசிலின் பரவலானபின் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் கருதினர். ராபர்ட் ஆஸ்ட்ரியன், ஜெரோம் கோல்ட் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மறுத்தது. கிருமி இரத்தத்தில் கலந்த நிலையில், நோய் தொடங்கிய முதல் 5 நாட்களில் நேரும் மரணங்களை பெனிசிலின் பெரிதும் குறைக்கவில்லை. 50 வயதைக் கடந்தோரும் நாட்பட்ட நோயுடையோரும் கூடுதல் ஆபத்தில் இருந்தனர்.

பெனிசிலினை எதிர்க்கும் நிமோகாக்கஸ் 1967இல் ஆஸ்திரேலியாவில் பதிவானது. பல மருந்துகளை எதிர்க்கும் வகை 1977இல் தென் ஆப்பிரிக்காவில் வெளிப்பட்டது. அதே 1977இல், ஆஸ்ட்ரியனின் முயற்சியால் 14 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி அமெரிக்காவில் உரிமம் பெற்றது. 1983இல் 23 வகைகளுக்கான தடுப்பூசி வந்தது.

முதியவர்களிடம் காய்ச்சலும் இருமலும் தெளிவாகத் தோன்றாமல், திடீர் மனக்குழப்பமோ உணவு வெறுப்போ முதல் அறிகுறியாகலாம். இதனால் நோய் காலம் கடந்தே அறியப்படுவதுண்டு. நல்ல மருந்து இருப்பது மட்டும் போதாது, அது உரிய நேரத்தில் சேர வேண்டும், முடிந்தால் நோயே வராமல் தடுக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் பாடம்.