கட்டளைக்கல்லிலிருந்து கற்கும் பொறி வரை

பொன் நல்லதா, மட்டமா என்று காண்பது எப்படி? கைக்கடிகாரம் நாளொன்றுக்கு எத்தனை வினாடி பிந்துகிறது என்று அறிவது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லியே நம் ஊர்க் கடைத்தெருக்களில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கின்றன.

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 365 படிகள் ஏறி முருகனைத் தொழ வருவோரில் தமிழர் பாதி, தெலுங்கர் பாதி என்று சொல்லத் தோன்றும். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இவ்வூர் அங்கே போயிற்று. பின்னர் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. இத்தகைய எல்லையூரில் சிறு நகைக்கடையோ, கடிகாரப் பழுது பார்க்கும் கடையோ வைத்திருப்பவருக்கு மூலதனம் பொன்னன்று, மக்களின் நம்பிக்கைதான்.

அந்தக் கடைகளை நோக்கி இப்போது ஒரு புதிய கருவி வருகிறது. செயற்கை நுண்ணறிவு என்பது அதன் பெயர். கைப்பேசியிலேயே அது கிடைக்கிறது. எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது? இக்கேள்விக்கு விடை காண, இதற்கு முன்பு வந்த கருவிகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

கல்லில் உரைத்த பொன்

கட்டளைக்கல் என்பது கரிய, நுண்மணிகள் கொண்ட, அமிலத்தில் கரையாத கல். உரைகல் என்றும் சொல்வர். வள்ளுவர் அதை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார் என்றால், இந்நாட்டில் அதன் பழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பது விளங்கும். சோதிக்க வேண்டிய நகையைக் கல்லில் ஒருமுறை உரைத்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன் ஆணியையும் உரைப்பார்கள். இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டு மாற்று சொல்வார்கள். பின்னாளில் நைட்ரிக் அமிலம் துணைக்கு வந்தது. அது செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், பொன்னைக் கரைக்காது. எனவே கலப்பு மிகுந்த கோடு மங்கிவிடும். நல்ல பொன்னின் கோடு நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல் எதையும் சொல்வதில்லை, சொல்பவர் பொற்கொல்லரே. அவர் சூத்திரம் எதையும் படித்து இத்திறனைப் பெறவில்லை. சிறு வயதில் உலைக்கருகில் அமர்ந்து, ஆயிரக்கணக்கான கோடுகளைப் பார்த்து, தவறு சொன்னபோது பெரியவரால் திருத்தப்பட்டுக் கற்றார். எடுத்துக்காட்டுகளால் கற்பது என்ற இந்த முறையை நாம் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

கோயில் சுவரில் ஒரு கணக்கேடு

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் கி.பி. 1010-இல் நிறைவு செய்தான். அவனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த அணிகலன்களின் பட்டியல் அங்கே கல்வெட்டுகளாக நிற்கிறது. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற பெயரிட்ட எடைக்கல். கல் பதித்த நகைகளை நிறுக்க ‘தக்ஷிணமேரு விடங்கன்’ என்ற எடைக்கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை நுணுகிச் செல்கிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடையோடு அவர்கள் நிற்கவில்லை. முத்து எத்தனை, அவை எவ்வகையின, வைரங்களில் என்ன குறை என்பதையும் பொறித்து வைத்தார்கள்.

கண்ணால் கண்டதை எழுத்தால் வகைப்படுத்தி, பிறர் எவரும் பின்னர் சரிபார்க்கும்படி வைப்பது அறிவியலின் முதற்படியாகும். நம்பிக்கை ஒரு மனிதரின் கண்ணிலிருந்து பொது ஏட்டுக்கு மாறியது. இன்றைய கற்கும் பொறிகளுக்கு உணவாக இருப்பதும் இத்தகைய பெயரிட்ட பட்டியல்களே.

செவிக்கு எட்டாத துடிப்பு

இனிக் கடிகாரக் கடைக்கு வருவோம். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தையும், 1675-இல் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுவிக்கும் சுருள்வில்லைக் கொண்ட கடிகாரத்தையும் உருவாக்கினார். தொழிலாளர் ‘ஹேர்ஸ்பிரிங்’ என்று சொல்வது இந்தச் சுருள்வில்லைத்தான். நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ‘ஜனதா’ கடிகாரத்தை இன்றும் பல வீடுகளில் காணலாம்.

அத்தகைய கடிகாரம் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 5 முறை துடிக்கிறது. அது நாளொன்றுக்கு 60 வினாடி பிந்துவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ 0.00014 வினாடி நீண்டு போகிறது. எந்தச் செவியாலும் இதை உணர முடியாது. ஆனால் துடிப்புக்குத் துடிப்பு இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். அரை நிமிடத்தில் அது 0.02 வினாடியாகிவிடும். ஒலிவாங்கியால் ‘டிக்’ ஒலியைப் பிடித்து, ஒவ்வொன்றையும் காகித நாடாவில் புள்ளியாக வைத்தால், சரியான கடிகாரம் நேர்க்கோடு போடும். பிந்துவது ஒருபுறம் சாயும், முந்துவது மறுபுறம் சாயும். கோடு இரட்டையாகப் பிரிந்தால் போகும் துடிப்பும் திரும்பும் துடிப்பும் சமமாக இல்லை என்று பொருள். 1930-களிலிருந்து பழுது பார்ப்போருக்குக் கிடைத்த இந்தக் கருவியின் வேலையை இன்று கைப்பேசியே ஓரளவு செய்கிறது.

பலர் இதையும் செயற்கை நுண்ணறிவு என்று எண்ணிவிடுகிறார்கள். இதற்கு நுண்ணறிவு தேவையில்லை. ஒலியை எண்ணி, நேரத்தைக் கழித்துப் பார்க்கும் எளிய கணக்கு இது. சாதாரணக் கணக்கு போதும் இடத்தில் கற்கும் பொறியைத் தேடி அலைய வேண்டாம்.

கைப்பேசிக்குள் நேரத்தை அளப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். இந்தப் படிகம்தான் கடிகாரக் கடைகளின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட அழுத்த மின் விளைவே இதன் அடிப்படை. குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக 1 வரும். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்தது. குவார்ட்ஸ் கடிகாரம் மலிவாக ஓடியது. பழுதானால் உள்ளிருக்கும் இயந்திரத்தை அப்படியே மாற்றிவிடலாம். அரத்தையும் இடுக்கியையும் பிடித்துக் கற்ற கைகளுக்கு வேலை குறைந்தது. 2016-இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. உதிரிப் பாகங்களுக்குப் பழைய கடிகாரங்களைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தது.

பொற்கொல்லருக்கும் இத்தகைய அடி விழுந்ததுண்டு. அது கருவியால் வந்ததன்று, சட்டத்தால் வந்தது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வதைத் தடுத்தன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. 1968-இல் தனிச் சட்டமாகவே ஆகிய அக்கட்டுப்பாடு 1990-இல்தான் நீக்கப்பட்டது.

அணுவின் கையொப்பம்

கட்டளைக்கல்லுக்குப் போட்டியாக வந்தது எக்ஸ் கதிர். 1913-இல் மோஸ்லி என்ற இளம் ஆங்கில விஞ்ஞானி, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடுகிறது என்றும், அதன் அதிர்வெண் அணு எண்ணோடு ஒழுங்காக உயர்கிறது என்றும் காட்டினார். இரண்டே ஆண்டுகளில், தம் 27-ஆம் வயதில், அவர் போரில் மாண்டார். அவர் கண்ட உண்மைதான் இன்று நகைச் சோதனை நிலையங்களில் வேலை செய்கிறது. நகைமேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், செம்பு 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும், பொன் 9.71-லும் 11.44-லும், வெள்ளி 22.16-லும் பதில் கூறுகின்றன. நகையைச் சுரண்டவோ உருக்கவோ வேண்டியதில்லை.

ஆனால் இக்கருவிக்கும் எல்லை உண்டு. மேற்பரப்பில் மெல்லிய ஓர் அடுக்கைத்தான் அது காண்கிறது. மேலே கனமாகப் பொன் பூசியிருந்தால் உள்ளிருப்பது தெரியாது. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25, பொன்னின் அடர்த்தி 19.3. எனவே நீரில் அமிழ்த்தி எடை பார்க்கும் ஆர்க்கிமிடீஸ் சோதனையும் இங்கே ஏமாறலாம். டங்ஸ்டனின் ஒரு கதிர் 9.67-இல் வந்து பொன்னின் 9.71-ஐ ஒட்டியே நிற்கும். 8.40-இல் அதன் மற்றொரு கதிர் இருக்கிறதா என்று பார்த்தே பிரித்தறிய வேண்டும். அதுவும் டங்ஸ்டன் மேற்பரப்புக்கு அருகில் இருந்தால்தான் முடியும். ஐயம் எழுந்தால் இறுதித் தீர்ப்பு சொல்வது பழைய புடமிடும் முறைதான். ஒரு துணுக்கை ஈயத்தோடு உருக்கி, கலப்பை நீக்கி, எஞ்சிய பொன்னை நிறுப்பார்கள்.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூனில் அது படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளமும் இருக்க வேண்டும். தஞ்சைச் சுவரில் தொடங்கிய ஏடு இப்போது ஒவ்வொரு நகையின்மேலும் ஏறிவிட்டது எனலாம்.

எடுத்துக்காட்டுகளால் கற்கும் பொறி

1958-இல் அமெரிக்காவின் ரோசன்பிளாட் ‘பெர்செப்ட்ரான்’ என்ற அமைப்பை வெளியிட்டார். அதில் விதிகளை எழுதிக் கொடுப்பதில்லை. படங்களைக் காட்டி, விடை தவறினால் உள்ளே இருக்கும் எண்களைச் சிறிது மாற்றுவார்கள். உலைக்கருகில் அமர்ந்த சிறுவனைத் திருத்திய பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்கு ‘எடை’ என்றே பெயர். பல அடுக்குகளில் இதைத் திருத்தும் வழியை 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் பரவலாக்கினர். 2012-இல் படங்களை இனங்காணும் போட்டியில் இம்முறை மற்றவற்றை வெகுவாக முந்தியது. 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இத்துறைப் பணிக்காகவே கிடைத்தது.

கடையில் அதற்கு என்ன வேலை?

படத்தைப் பார்த்துக் கடிகாரத்தின் மாதிரி எது என்று ஊகிப்பது, துருப்பிடித்த பல்லையும் தேய்ந்த அச்சையும் சுட்டிக் காட்டுவது, பற்றுச்சீட்டு எழுதுவது, பிறமொழிக் கடிதத்துக்குப் பதில் வரைவது போன்றவற்றில் இது நன்றாக உதவும். தவறினாலும் கடைக்காரர் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். எனினும் மொழியில் பழகிய பொறி, தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்லும். அது தரும் உதிரிப் பாக எண்ணைப் பழைய பட்டியலோடு ஒப்பிடாமல் வாங்கிவிடக் கூடாது.

புகைப்படத்தைக் கொண்டு பொன்னின் மாற்று சொல்லும்படி கேட்பது வேறு கதை. பித்தளைமேல் பூசிய 22 காரட் பொன்னும், முழுதும் 22 காரட்டான பொன்னும் ஒரே ஒளியைத்தான் எதிரொளிக்கின்றன. படத்தில் இல்லாத செய்தியை எவ்வளவு கற்ற பொறியாலும் எடுக்க இயலாது. இது பொறியின் குறையன்று, ஒளியின் இயல்பு.

எல்லையூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வாயால் சொன்னால் கணக்கு எழுதிக்கொள்ளும் வசதி இப்போது இந்திய மொழிகளில் வளர்ந்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழுவும், 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் ‘பாஷினி’ திட்டமும் இதற்காக உழைக்கின்றன. தமிழர் பவுன் என்றால் 8 கிராம். தெலுங்கு வழக்கில் துலம் என்றால் இன்று பெரும்பாலும் 10 கிராம். பழைய தோலாவோ 11.66 கிராம். இரு மொழியும் கலந்த பேச்சைக் கேட்டு, பொறி துலத்தைப் பவுனாக எழுதிவிட்டால், ஐந்து துலம் அடகு வைத்த ஒரு தாயின் கணக்கில் 10 கிராம் பொன் மறைந்துவிடும். ஆகவே எடையை எப்போதும் தராசைப் பார்த்துக் கிராமில் கையால் எழுதுவதே நல்லது. அடகு வைப்பவரின் பெயரையும் விவரத்தையும் வெளியார் கணிப்பொறிக்கு அனுப்பாதிருப்பதும் நல்லது.

கருவி கேட்கப்படும் செய்தியை உண்மையில் காண்கிறதா? அதன் விடையை வேறு வழியில் சரிபார்க்க முடியுமா? பிழை நேர்ந்தால் நட்டம் யாருக்கு? உரைகல்லுக்கும் எக்ஸ் கதிருக்கும் பொருந்திய இந்த மூன்று கேள்விகள் புதிய பொறிக்கும் பொருந்தும்.

சிறு கடைகள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. பழுது பார்க்கும் ஒவ்வொரு கடிகாரத்தையும், பொடி வைத்து ஊதிய ஒவ்வொரு நகையையும் முன்னும் பின்னும் படமெடுத்து, என்ன பழுது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைத் தம் சொற்களிலேயே பக்கத்தில் எழுதி வைக்கலாம். ஜனதா கடிகாரத்தின் குணமறிந்த கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. பெரிய நிறுவனங்களின் பொறிகள் பார்த்திராத எடுத்துக்காட்டுகள் அந்தக் கைகளில்தான் இருக்கின்றன. கற்க வருவது பொறியானாலும் சரி, பையனானாலும் சரி, அந்த ஏடு இல்லாமல் அவற்றைக் கற்க வழியில்லை.