வணிகர் பெயரும் வலைத்தளமும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரை மூவர் கோயிலுக்காகவே பலரும் அறிவர். நான் அதனை வணிகர் ஊராகவும் காண்கின்றேன். மணிக்கிராமம் என்னும் வணிகர் குழு அங்கே சிறந்திருந்தது. தாய்லாந்து நாட்டுத் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளம் மணிக்கிராமத்தார்க்கு அடைக்கலமாக விடப்பட்டதைக் கூறுகின்றது. மணிக்கிராமங்கள் பல ஊர்களில் இருந்தன. ஆதலின் அவர்கள் கொடும்பாளூராரே என நான் துணியவில்லை. ஆயினும், கடல் கடந்த ஊரிலும் மணிக்கிராமத்தார் பெயர் கல்லில் நின்றது என்பது தெளிவு.

அவ்வாய்ப்பு இன்று சிறு கடைக்காரருக்கும் கிட்டியுள்ளது. 1993 ஏப்ரல் 30ஆம் நாள், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் தன் வலைத் தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15இல் வந்தது.

மாணவ நண்பர்களே, ஒரு வேறுபாட்டைக் கருதுங்கள். கல்லில் வெட்டிய பெயருக்கு வாடகை இல்லை. வலைத்தளத்தின் பெயரோ குறித்த ஆண்டுகளுக்கே பதியப்படுவது. தளத்தை அமைத்துத் தருபவரிடமே பதிவையும் விட்டுவிடும் வணிகர் உளர். அங்ஙனம் விட்டால் பெயர் அமைத்தவருடையதாகவே பதிவாகிவிடவும் கூடும். விலைப்பட்டியலைத் திருத்துதலும் பக்கங்களுக்குப் படியெடுத்து வைத்தலும் அதற்குப் பிற்பட்ட வேலைகளே. பதிவைப் புதுப்பிக்கத் தவறிச் சலுகை நாட்களும் கழிந்தால், அப்பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம். பழைய முகவரியை நம்பி வருவோர் அயலார் வாயிலிலே போய் நிற்பர்.