மண்டாய்ச் சேறு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு மேற்கே, பழைய ரயில் பாதைக்கும் ஜொகூர் நீரிணைக்கும் நடுவே ஒரு சிறு காடு நிற்கிறது. மண்டாய் சதுப்புநிலக் காடு. தொண்ணூறுகளில் முதுநிலை ஆய்வுக்காக மாதம் இரண்டு முறை அங்கே போனேன். விடியற்காலை நாலு மணிக்கு நீர் வற்றுகிறது என்றால் நாலு மணிக்கே சேற்றில் நிற்க வேண்டும். பிவிசி குழாயில் செய்த அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வேர்களுக்கிடையே வைத்து, உள்ளே இருக்கும் நத்தைகளை எண்ணுவேன். திரும்பும்போது கோலாலம்பூர் இரவு ரயில் கடந்து போகும்.

மூன்று மாதக் கணக்கை நெறியாளரிடம் நீட்டினேன். அட்டவணையை அவர் பார்க்கவே இல்லை. “இது இந்த இனம்தான் என்று எப்படித் தெரிந்தது?” என்றார். இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணியிருந்தேன், அத்தனையும் வீண். அவர் திட்டவில்லை. போத்தல்களைப் போய்ப் பார் என்று அனுப்பினார்.

அந்தப் போத்தல்கள் பட்ட பாடு பெரிது. ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் சேர்த்த விலங்கு மாதிரிகளுக்கு 1972இல் அங்கே இடமில்லாமல் போயிற்று. பல்கலைக்கழக விலங்கியல் துறை ஏற்றுக்கொண்டது. புக்கிட் தீமா, நன்யாங் வளாகங்கள் என்று பெட்டிபெட்டியாக அலைந்து, எண்பதுகளில்தான் கென்ட் ரிட்ஜில் அடங்கின. ஸ்பிரிட்டில் ஊறிய நத்தைகளோடு பென்சிலில் எழுதிய சீட்டுகள். பலவற்றில் ‘மண்டாய்’. எனக்கு முன்னே அதே சேற்றில் இறங்கியவர்களின் கையெழுத்து அது. ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு முதல் மாதத்திலிருந்து மீண்டும் எண்ணினேன்.

அந்தத் துறையில் பூச்சியியல் சொல்லித்தந்த டி. எச். மர்பி, அலையாத்தி மரங்களைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி 1990இல் வெளியிட்ட கட்டுரை என்னிடம் ஓரம் கிழியும்வரை இருந்தது. நீர்நாய்களை ஆராய்ந்து 1995இல் முதுநிலை ஆய்வேடு தந்த சிவசோதி, பீட்டர் இங்குடன் சேர்ந்து 1999இல் சிங்கப்பூர்ச் சதுப்புநிலக் காடுகளுக்குக் கையேடு கொண்டுவந்தார். 2002இல் பீட்டர் இங்கும் கிறிஸ்டோஃப் ஷூபார்ட்டும் ஹபர்மா நானம் என்ற நண்டுக்குப் பெயரிட்டார்கள். ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத புதிய இனம். நாங்கள் மிதித்து நடந்த மண்டாயில் இருந்தது.

பக்கத்துக் கிராஞ்சி ஆற்றுக்கு இப்படி ஆராயப்படும் வாய்ப்பு வரவில்லை. 1975இல் அணை கட்டி நீர்த்தேக்கமாக்கியபோது அதன் அலையாத்திகள் மூழ்கின. அங்கே எந்த நத்தை எத்தனை இருந்தது என்று என் ஆய்வேட்டில் ஒப்பிட விரும்பினேன். அந்தப் பத்தியை வெறுமையாக விட வேண்டியிருந்தது.

மண்டாயில் 72.8 ஹெக்டேர் இயற்கைப் பூங்கா வரும் என்று 2018இல் அறிவித்தார்கள். அன்றிரவு ஆய்வேட்டை எடுத்து, மூன்று மாதம் பிந்தித் தொடங்கிய அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.