இராட்டையை மீளப் பொருத்திய வரலாறு

இந்தியத் தேசிய இயக்க வரலாற்றைக் கற்கும் மாணவருக்கு இராட்டை முதலில் ஒரு சின்னமாகவே அறிமுகமாகின்றது. 1931 இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடியின் நடுவில் அது இடம்பெற்றது. 1947 இல் அவ்விடத்தை அசோகச் சக்கரம் பெற்றது. எனினும், சின்னமாவதற்கு முன்னர் இராட்டை ஒரு கருவி. கைவிடப்பட்ட அக்கருவியைத் தேடியெடுத்து, பொருத்தி, மீளச் சுழலவைத்த முயற்சியை நோக்கின், அச்சின்னத்தின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலனாகும்.

இராட்டை கைவிடப்பட்டமைக்குக் கைத்தொழிற் புரட்சியே முதற் காரணம். ஹார்கிரீவ்சின் ஜென்னி (1764), ஆர்க்ரைட்டின் நீர்விசைப் பொறி (1769), குரொம்ரனின் மியூல் (1779) ஆகியன நூற்றலை வீட்டினின்று ஆலைக்கு மாற்றின. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைநூல் வங்காளச் சந்தையை வந்தடைந்தது. அதன் விளைவுக்குச் சான்றாக அமைவது, 1828 இல் ‘சமாச்சார் தர்ப்பண்’ என்னும் வங்காளப் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கடிதம். சாந்திபூரைச் சேர்ந்த விதவை ஒருவரின் முறையீடு அது. இளவயதிற் கணவனை இழந்த அவர், மூன்று பெண்மக்களை இராட்டையின் வருவாயாலேயே வளர்த்தவர். இறக்குமதி நூல் வந்தபின் தம் நூலை வாங்குவார் இலர் என்பதே அவர் குறை. நெசவாளன் ஆலைநூலைக் கொண்டேனும் தொழிலைத் தொடரலாம்; நூற்ற பெண்ணுக்கு அவ்வழியும் இருக்கவில்லை. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

1909 இல் ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதிய காலத்தில் தாம் கைத்தறியையோ இராட்டையையோ கண்டதாக நினைவில்லை எனக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் ஒப்புக்கொள்கின்றார். 1915 இல் அகமதாபாத்தில் ஆச்சிரமம் நிறுவியபின் முதலில் தறிகளே நாட்டப்பட்டன. ஆனால் நூலுக்கு ஆலைகளையே நம்பவேண்டியிருந்தது. ஆகவே இராட்டையைத் தேடும் பொறுப்பை கங்காபென் மஜூம்தார் என்னும் பெண்மணி ஏற்றார். குஜராத்தில் நெடுநாள் அலைந்து, பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூரில் அவர் அதனைக் கண்டார். பல வீடுகளில் இராட்டைகள் பயனற்ற தட்டுமுட்டுப் பொருள்களாகப் பரணில் கிடந்தன. பஞ்சுப் பட்டை தந்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்வோர் இருப்பின் நூற்கத் தடையில்லை என்றனர் அவ்வீட்டார். கருவி அழியவில்லை, அதனைச் சூழ்ந்திருந்த ஏற்பாடே அழிந்திருந்தது.

இராட்டையின் அமைப்பு எளியது. ஆயின் பிழை பொறாதது. ஓர் அடிப்பலகையின் ஒரு முனையில் இரு தூண்கள். அவற்றின் ஊடே அச்சு. அச்சிற் பெரிய சில்லு. அச்சின் நுனியிற் கைபிடி. மறுமுனையிலுள்ள சிறு தூண்களில், தோலினாலோ புல்லினாலோ ஆன தாங்கிகளில், மெல்லிய இரும்புக் கதிர் கிடக்கும். சில்லையும் கதிரையும் ஒரு கயிறு இணைக்கும். சில்லின் விட்டம் 24 அங்குலமும் கதிரிற் கயிறு பதியும் உருளையின் விட்டம் அரை அங்குலமும் எனக் கொண்டால், சில்லு ஒருமுறை சுழலக் கதிர் ஏறக்குறைய 48 முறை சுழலும். கயிறு தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினாற் சில்லு கனக்கும். உருளை சில்லுக்கு நேர்கோட்டில் அமையாவிடின் கயிறு கழன்றுவிடும். கதிர் சிறிது வளைந்தாலும் நூல் அறுந்துகொண்டேயிருக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரும் நூற்றல் தொடங்கிவிடாது. கொட்டை நீக்கிய பஞ்சைக் கொட்டிப் பட்டையாக்க வேண்டும். முதலில் உமர் சோபானியின் ஆலையிலிருந்து பட்டைகள் வந்தன. ஆலைநூலை மறுத்து ஆலைப்பட்டையை ஏற்பது முரண் எனக் கருதிய காந்தியடிகள், பஞ்சு கொட்டுவோரையும் தேடச் செய்தார். மகன்லால் காந்தி இராட்டையைத் திருத்தியமைத்தார். ஆச்சிரமத்திலேயே இராட்டைகள் செய்யப்பட்டன.

இவ்வாறு ஒரு கிராமத்திற் கைகூடியது 1921 இல் தேசியத் திட்டமாயிற்று. பெஸ்வாடாவிற் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு 20 இலட்சம் இராட்டைகளை இயக்க உறுதி பூண்டது. 1925 இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் தாகூர் இராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். யாவரையும் ஒரே செயலில் ஈடுபடுத்துவது சிந்தனையை மழுங்கச் செய்யும் என்பது அவர் அச்சம். கருவியின் குறைபாட்டைச் சங்கமும் உணர்ந்திருந்தது. 150 ரூபாவுக்கு மேற்படாத விலையில், குடிசையில் இயக்கத்தக்க சிறந்த இராட்டைக்கு 1929 இல் ஓர் இலட்சம் ரூபா பரிசு அறிவிக்கப்பட்டது. அப்பரிசை எவரும் பெற்றிலர். பின்னர், எரவாடாச் சிறையில், இரு சில்லுகளைப் பெட்டியுள் மடக்கி வைக்கும் இராட்டை உருவாயிற்று. விடுதலைக்குப் பின், தமிழ்நாட்டவரான ஏகாம்பரநாதன் அமைத்த பல கதிர் இராட்டை, அவர் பெயராலேயே ‘அம்பர்’ எனப்பட்டது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றோடு தொடர்புண்டு. 1927 நவம்பரில் இலங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் காந்தியடிகள் வந்தது கதர் நிதி திரட்டவே. ஈண்டுச் சேர்ந்த பணம் அக்கரையில் நூற்ற கைகளுக்குச் சென்றது.

தாகூரின் ஐயத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. ஆலைநூலோடு விலையிற் போட்டியிட இராட்டையால் இயலவில்லை என்பதும் உண்மை. ஆயினும் ஆலை வந்தபோது வேலையிழந்த சாந்திபூர் விதவையின் வினாவுக்கு ஆலையும் விடை கூறவில்லை, அரசும் விடை கூறவில்லை. நூறாண்டு கழித்து அவ்வினாவை வினாவாக ஏற்றது இராட்டை இயக்கம். சில்லையும் கதிரையும் ஒரு நாளிற் பொருத்திவிடலாம். பஞ்சு விளைவிப்போன், கொட்டுவோன், நூற்பவள், நெய்வோன், உடுப்போன் என அறுந்த தொடரைப் பொருத்துதல் அத்துணை எளிதன்று. புதிய பொறி ஒன்று பழைய தொழிலை வீழ்த்தும் எக்காலத்திலும் வரலாற்று மாணவன் நினைவிற் கொள்ளவேண்டியது இதுவே.